திருகோணமலையில் பொழுதுபடுகிறதை எங்கே நின்று பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்பக்கத்து அறைகள் இரண்டை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பின்னேரம் நாலு மணியானால் அந்த அறைக் கதவுகள் திறக்கும், அதே கேள்விகள் வெளியே வரும். யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, ரொறன்ரோ என்று ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. வாயால் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணை, கடலுக்குள்ள சூரியன் இறங்கிறத எந்த பீச்சில நிண்டு பாக்கலாம்?

உப்புவெளி, நிலாவெளி, டச்பே எதிலும் பார்க்க ஏலாது. திருகோணமலை கிழக்குக் கரை. இங்கே கடலில் இருந்து சூரியன் எழும்பும், தரைப்பக்கம் போய் விழும். சென்னைக்காரரிடம் மெரினாவைச் சொன்னால் உடனே விளங்கிவிடும். கொழும்புக் காலிமுகத்திடலிலும் யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். என் மச்சான் ஒருவர் கசூரினா ஞாபகத்தில் உப்புவெளி மணலில் கடலைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் நின்றார். சூரியன் அவருடைய முதுகுக்குப் பின்னால், எங்கள் வீட்டுத் தென்னைக்குள் இறங்கி முடிந்திருந்தது.

ஆனால் ஒன்று. மச்சான் பார்த்துக்கொண்டு நின்ற திசை பிழை என்று நான் இப்போது சொல்வதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

அப்ப இன்ரநெட்டில 'திருகோணமலை சூரிய அஸ்தமனம்' எண்டு தண்ணிக்குள்ள சூரியன் போற படமெல்லாம் பொய்யா?

பாதி சூரிய உதயம். காலையில் எடுத்ததற்கு மாலை என்று பெயர் போட்டிருப்பார்கள். மற்றப் பாதி பொய்யில்லை, துறைமுகப் பக்கம் எடுத்தது.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். திருகோணமலைப் பட்டினம் ஒடுங்கிய ஒரு நிலக் கழுத்தில் இருக்கிறது. கிழக்கே டச்பேயும் பேக்பேயும், அவற்றுக்கு அப்பால் வங்காள விரிகுடா. மேற்கே உட்துறைமுகம், மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த ஆழமான, அமைதியான தண்ணீர். ஆகவே ஊருக்குள் நின்று மேற்கே பார்த்தாலும் தண்ணீர்தான். உட்துறைமுக வீதிக்குப் போனால் தண்ணீருக்கு அப்பால் உள்ள குன்றுகளுக்குப் பின்னே சூரியன் இறங்கும், அதன் நிறம் முழுக்கத் துறைமுகத்தில் கிடக்கும். கடலில் மறைவதில்லை, கடலின் மேல் மறைகிறது. அந்த வித்தியாசத்தைச் சகித்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது நல்ல இடம்.

எத்தனை மணிக்கு மறையும்? கூகுளில் போட்டா ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் காட்டுது.

மாதத்தைப் பொறுத்தது. நவம்பர் நடுப்பகுதியில் மிக வெள்ளென, 5.42 அளவில். ஜூலை முற்பகுதியில் மிகப் பிந்தி, 6.28 அளவில். மற்ற மாதங்கள் இந்த இரண்டுக்கும் இடையில். உதயம் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 5.45 அளவில், ஜனவரி கடைசியில் 6.25 தாண்டி.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரங்கள் தட்டையான அடிவானத்துக்கான கணக்கு. இங்கே மேற்கே குன்றும் மரமும் இருப்பதால் சூரியன் சில நிமிடம் முந்தியே மறைந்துவிடும். அடுத்தது, நாங்கள் நில நடுக்கோட்டுக்குக் கிட்ட, வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறோம். சூரியன் சாய்ந்து வழுக்கிப் போகாது, கிணற்றில் வாளி விட்டது போல நேரே இறங்கும். ரொறன்ரோவில் இருந்து வருகிறவர்கள் 'இன்னும் வெளிச்சம் இருக்கும்தானே' என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார்கள். இங்கே மைமல் பொழுது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிறகு இருட்டு.

கோணேசர் மலையில இருந்து பார்த்தால் நல்லா இருக்குமா? மேல எங்க நிக்கிறது?

நல்லாயிருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

மேற்கே பார்த்தால் சூரியன் விழும் இடம் மாதத்தோடு நகரும். ஜூனில் மேற்கில் இருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே ஒதுங்கி விழும். அப்போது மலையில் இருந்து பார்க்க பேக்பேயின் வளைந்த தண்ணீர் முன்னுக்கும், உப்புவெளிப் பக்கத்துத் தென்னை வரிசை அதற்குப் பின்னுக்குமாக அழகாக அமையும். டிசம்பரில் அதே அளவு தெற்கே ஒதுங்கி, பட்டினத்துக் கூரைகளுக்கும் துறைமுகக் குன்றுகளுக்கும் மேல் விழும். உச்சியில் கோணேசர் கோயில் கட்டடமும் மரங்களும் மறைக்கும், அதனால் உச்சியில் நிற்பதைவிட ஏறிப் போகிற பாதையில் மேற்கு திறக்கும் இடம் பார்த்து நில்லுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், சூரியனுக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கிழக்கே கடலைப் பாருங்கள். மலையின் உயரம் நானூறு அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். சூரியன் மறைய நாற்பது நிமிடம் இருக்கும்போது அதன் நிழல் கடலில் எழுநூறு மீற்றர் அளவுக்குக் கிடக்கும். இன்னும் இருபது நிமிடம் போனால் அது இரண்டு மடங்கு, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரும் நானூறு மீற்றரும். நிழல் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். போன வருடம் சித்திரையில் கீழே ஒரு சின்ன வள்ளம் வலை போட்டுக்கொண்டு நின்றது. வள்ளமும் மிதப்புக் கட்டைகளும் மஞ்சளாகப் பளபளத்தன. நிழலின் விளிம்பு தண்ணீரில் ஊர்ந்து வந்து முதலில் கட்டைகளை ஒவ்வொன்றாக அணைத்தது, பிறகு வள்ளத்தின் அணியம், பிறகு நின்ற மனிதரின் சேட்டு. அவர் ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு அது தினமும் நடக்கிறது.

கோயிலுக்குள்ள போகாம மலைக்கு மட்டும் போய் வரலாமா? நாங்க வேற மதம்.

போகலாம், யாரும் மதம் கேட்பதில்லை. ஆனால் மலையும் கோயிலும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். தேவாரப் பாடல் பெற்ற தலம், பாடலிலேயே இதற்குப் பெயர் கோணமாமலை. முழங்காலும் தோளும் மூடிய உடுப்பு போடுங்கள். செருப்பைக் கீழே விட வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குக்கூட கல் சுடும், குழந்தைகளைத் தூக்கத் தயாராக இருங்கள். உள்ளே போவதானால் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பூசைக்குச் சனம் கூடும். பார்வைக்காக மட்டும் வருகிறவர்கள் வேறு நாளைத் தெரிவுசெய்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

வாசல்ல ஆமிக்காரர் நிக்கினம், உள்ள போக விடுவினமா?

விடுவார்கள். கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது, கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. பை பார்ப்பார்கள், சிலநேரம் எங்கிருந்து என்று கேட்பார்கள். முகாம் கட்டடங்களைப் படம் எடுக்காமல் நேரே போங்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தார்கள், அதன் கல்லையும் போட்டு 1624 இல் கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர். பிரெட்ரிக் என்ற பெயர் 1803 இல் வந்தது. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடி கோயில் இடிபாடுகளைக் கண்டார்கள். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 இல். கோட்டை வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் மீனும் பழைய தமிழ் எழுத்தும் இருக்கின்றன. உச்சி வெயிலில் அந்த எழுத்து கல்லோடு கல்லாக மறைந்திருக்கும். பின்னேரம் சாய்ந்து விழும் வெயிலில் பள்ளங்களில் நிழல் ஏறி, மீனின் வால்கூடத் தெளியும். எல்லாரும் மேலே ஓடுகிற அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள்.

இராவணன் வெட்டு எது? அதில நிண்டு படம் எடுக்கலாமா?

மலையைப் பிளந்த மாதிரிக் கடல்வரைக்கும் இறங்கும் இடுக்கு. தாயின் சிவபூசைக்காக இராவணன் மலையையே பெயர்க்க வாளால் வெட்டிய தடம் என்பது ஊர்க் கதை. படம் எடுக்கலாம், தடுப்புக்கு உள்ளே நின்று. கம்பிக்கு வெளியே கால் வைக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். மேலே சொன்ன நிழலைப் பார்க்கவும் இந்தப் பக்கம்தான் வசதி.

மானுக்கு பிஸ்கட் குடுக்கலாமா?

வேண்டாம். கேட்டு வந்து மூக்கை நீட்டும், பாவமாகவும் இருக்கும். அப்படியும் வேண்டாம். பொலித்தீன் பையோடு சேர்த்து விழுங்கிவிடும்.

புறாமலைத் தீவுல நின்னு சன்செட் பாக்கணும், சார். போட் எத்தனை மணிக்கு?

இதைச் சென்னைத் தம்பதி கேட்டார்கள். பதில்: முடியாது. புறாமலை, அதாவது புறாத்தீவு, தேசியப் பூங்கா. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு இல்லாமல் இறங்க முடியாது, பொழுதுபட முன் எல்லாரையும் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். இராத்தங்கல் கிடையாது. 'தெரிந்த போட்காரர் இருக்கிறார், ஆறரைக்குக் கூட்டிப்போவார்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

உண்மையில் தீவுக்குப் போகக் காலைதான் சரி. கடல் அமைதி, தண்ணீர் தெளிவு, சனம் குறைவு. முருகைக்கல்லையும் கருமுனைச் சுறாவையும் பார்க்க அந்த வெளிச்சம் வேண்டும். சுறா என்றதும் பயப்பட வேண்டாம், அது உங்களைக் கண்டு ஓடும்.

அப்ப பின்னேரம் புறாமலையைப் பாக்கவே ஏலாதா?

தீவில் நிற்க ஏலாது, தீவைப் பார்க்க ஏலும். இரண்டாவதுதான் மேல் என்பது என் கட்சி.

நிலாவெளிக் கரையில் இருந்து தீவு ஒரு கிலோமீற்றர் அளவில், கிழக்கே. பெரிய தீவின் உச்சி ஏறத்தாழ 45 மீற்றர், பக்கத்தில் சின்னத் தீவு. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இறங்கும்போது அதன் கடைசி வெளிச்சம் முழுக்கத் தீவின் பாறை முகத்தில் போய் அடிக்கும். பகல் முழுக்கச் சாம்பலாகக் கிடந்த பாறை முதலில் மணல் நிறம், பிறகு செங்கல் நிறம். கரையில் நிற்கும் உங்களுக்கு வெயில் போய்விட்ட பிறகும் சில கணம் பாறையின் உச்சியில் மட்டும் வெயில் இருக்கும்.

அந்த நேரத்தில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாருங்கள். புறாக்கள் இரண்டு மூன்றாக ஊர்ப்பக்கம் இருந்து தீவுக்குத் திரும்பும். உயரப் பறக்காது, அலைக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில், சிறகை வேகமாக அடித்துக்கொண்டு போகும். நம்முடைய தலைக்கு மேலால் போகும்போது சிறகுச் சத்தம் கேட்கும். பாறையை அண்டியதும் சட்டென்று ஏறி இடுக்குக்குள் போய்விடும்.

அது கடற்பறவைத் தீவு எண்டுதானே சொல்லினம்? புறா எப்பிடிக் கடற்பறவை ஆகும்?

ஆகாது. தீவுக்குப் பெயர் கொடுத்தது மாடப்புறா. பட்டினத்துச் சந்தையில் அரிசி பொறுக்குவதும் அதே இனம்தான். ஆனால் இங்குள்ளவை மனிதர் கட்டடத்தை அண்டாமல் பாறை வெடிப்புகளில் கூடு வைப்பவை. கடல் சூழ்ந்த பாறையில் குஞ்சை வைத்துவிட்டு இரை தேடத் தரைக்கு வருகின்றன. இந்த இனத்துக்கு ஆதியில் வீடு கடலோரப் பாறைதான். எங்கள் கூரைகள்தான் அதற்குப் பின்னர் கிடைத்த பாறை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவைச் சுடும் பயிற்சிக்கு வைத்திருந்தார்களாம். புறாக்கள் அதற்கும் தப்பியிருக்கின்றன.

உண்மையான கடற்பறவைகளும் கடலோர வேட்டைப் பறவைகளும் உண்டு. ஆலாக்களைப் பார்க்கலாம்: மெலிந்த உடம்பு, கூரான சிறகு, அந்தரத்தில் ஒரு கணம் நின்று தலைகீழாகத் தண்ணீரில் விழும். வெண்வயிற்றுக் கடற்கழுகு தனியாகவோ சோடியாகவோ வட்டமிடும். செம்பருந்தை இங்கே கருடன் என்று கும்பிடுவார்கள். கடற்காகம் பனிக்கால விருந்தாளி.

பறவை பார்க்க எந்த மாதம் வரவேணும்?

இதில்தான் சிக்கல். கடற்காகமும் வலசை வரும் ஆலாக்களும் உள்ளான்களும் ஐப்பசிக்குப் பிறகு வந்து பங்குனி, சித்திரையோடு போகும். அதே நேரம் வாடைக் காற்றும் மழையும். நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும் நாட்களில் தீவுக்குப் போட் ஓடாது. பறவை இருக்கும்போது போட் இல்லை, போட் இருக்கும்போது பாதிப் பறவை இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் என்று ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது.

தீவு கட்டாயம் இல்லை என்றால் மாரிக்குப் பிறகு இறக்கண்டிப் பாலத்துக்குப் போங்கள், நிலாவெளியில் இருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே. பாலத்தின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்கே களப்பு. களப்பில் கொக்கும் நாரையும் கால் நனைத்து நிற்க, அவற்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். தண்ணீரின் மேல் சூரியன், முன்னுக்குப் பறவை, போட் கூலி இல்லை. வீதிப் பாலம் அது, வாகனம் பார்த்து நில்லுங்கள்.

சூரியன் மேற்கே மறையுது, ஆனா கிழக்கே கடலுக்கு மேல ரோசா நிறம் ஏன் வருது? எங்க கமராவில பிழையோ?

கமரா சரி. மச்சான் கதையில் 'கீழே வரும்' என்று சொன்னது இதைத்தான்.

சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தை ஒட்டி ஒரு கருநீலப் பட்டை எழும்பும். அதற்கு மேல் ரோசா நிறப் பட்டை ஒன்று. கருநீலம் பூமியின் நிழல். கோணேசர் மலை கடலில் நிழல் விழுத்துவது போல, பூமி முழுக்கச் சேர்ந்து வானத்தில் விழுத்துகிற நிழல் அது. ரோசா, நிழலுக்கு மேலே இன்னும் வெயில் படும் காற்று. அந்த வெயில் நீண்ட தூரம் காற்றுக்குள்ளால் வந்ததால் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அது அங்கே பட்டு எங்கள் பக்கம் திரும்பி வருகிறது. கால் மணித்தியாலத்துக்குள் நிழல் உயர்ந்து உயர்ந்து ரோசாவை விழுங்கிவிடும்.

இதைப் பார்க்க மறைப்பில்லாத கிழக்கு அடிவானம் வேண்டும். காலிமுகத்திடலில் நின்றால் கிழக்கே கட்டடம்தான். எங்களுக்கு முழுக் கடலும் இருக்கிறது. கொழும்பு ஆட்கள் 'உங்களுக்கு சன்செட் இல்லையே' என்று பரிதாபப்படும்போது நான் ஒன்றும் சொல்லாமல் கதிரையைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிடுவேன்.

போயாவுக்கு வந்தா விசேஷமாமே?

ஆம். பௌர்ணமியில் சூரியன் மேற்கே மறையும் நேரத்தை ஒட்டி நிலா கிழக்கே கடலில் இருந்து எழும்பும். பட்டினத்தில் நின்றால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். உட்துறைமுக வீதியில் சூரியனை அனுப்பிவிட்டு, கழுத்தைக் குறுக்கே கடந்து டச்பேக்கு நடந்தால் கால் மணித்தியாலம் எடுக்காது. ஒரு தண்ணீரில் போனதற்கு மற்றத் தண்ணீரில் பதில் வந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது போயாவுக்கு முந்தின நாள். நிலா ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் அளவில் பிந்தி உதிக்கும் என்பதால், முந்தின நாள் சூரியன் மறைய முன்னமே எழும்பிவிடும். மேலே சொன்ன ரோசாப் பட்டைக்குள் நிலா நிற்கும், தரையிலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும், படத்துக்கு நல்லது. போயா விடுமுறைக் கூட்டமும் இன்னும் வந்து இறங்கியிருக்காது.

எந்த மாதத்தில வானம் நல்லாச் சிவக்கும்?

கச்சான் காலத்தில். கச்சான் என்றால் இங்கே இரண்டு: கடற்கரையில் சுருளில் விற்கும் வேர்க்கடலை ஒன்று, மே கடைசியில் இருந்து ஆவணிவரை தரையில் இருந்து அடிக்கும் சூடான மேல்காற்று மற்றது. அந்தக் காற்று உள்நாட்டுப் புழுதியையும் கொண்டு வருவதால் சூரியன் வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய செப்புத் தட்டாக இறங்கும். மழை குறைவு, கரையோரக் கடலும் தட்டையாக இருக்கும். ஆனால் புழுதி கூடினால் சூரியன் அடிவானம்வரை வராது, நடுவிலேயே கரைந்துவிடும்.

ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேரங்களில் உள்நாட்டுப் பக்கம் இடிமுகில் கட்டும். மேற்கு இருண்டு சூரியன் தெரியாத நாட்களே அதிகம். ஆனால் அந்த முகிலின் தலை மிக உயரத்தில் இருப்பதால், அதில் ஒட்டிய வெளிச்சம் நாங்கள் இருட்டுக்குள் போன பிறகும் எரியும். வாடைக் காலத்தில் ஒன்றும் உறுதி சொல்ல ஏலாது. நாலு நாள் மழைக்குப் பிறகு ஐந்தாம் நாள் கழுவிய கண்ணாடி மாதிரி ஒரு பின்னேரம் கிடைக்கும். அதற்கு நீங்கள் இங்கே வசிக்க வேண்டும்.

கிண்ணியாப் பாலத்தைப் பற்றிச் சொல்லினம். அவ்வளவு தூரம் போறது பிரயோசனமோ?

பட்டினத்தில் இருந்து சீனக்குடா வழியாக 20 கிலோமீற்றருக்குக் கிட்ட. 396 மீற்றர் நீளம், 2009 இல் திறந்தது. அதற்கு முன் பாதையில்தான் கடந்தோம். வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. பாலத்தின் மேல் பின்னேரம் காற்று வாங்க ஊரே வரும், குடும்பம் குடும்பமாக. மேற்கே தம்பலகாமத்துக் களப்புப் பக்கம் சூரியன் இறங்கும். சூரியனுக்காக மட்டும் என்றால் உட்துறைமுக வீதி போதும். சனத்தோடு நின்று பார்க்கும் சந்தோஷம் வேண்டுமென்றால் கிண்ணியா.

மலையில நிண்டா திமிங்கிலம் தெரியுமாமே, உண்மையோ?

உண்மை, அதிர்ஷ்டம் இருந்தால். இங்கே கரைக்கு மிகக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது, அதனால் நீலத் திமிங்கிலம் மலைக்கு நேரே தெரியும் தூரத்துக்கு வரும். மார்ச், ஏப்ரல் நல்லது. முழு உடலை எதிர்பார்க்க வேண்டாம். தூரத்தில் வெள்ளையாக ஒரு ஊதல், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பின்னேரம் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்த ஊதல் பளிச்சென்று தெரியும், மலை நிழலுக்கு அப்பால் தேடுங்கள்.

ட்ரோன் கொண்டு வந்திருக்கிறன். ஐஞ்சு நிமிசம் மட்டும் விடலாமா?

விடாதீர்கள். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் இங்கே ஒரு பக்கம் இராணுவ முகாம், மறுபக்கம் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படை. புறாமலை தேசியப் பூங்கா, பறவை கூடு வைக்கும் இடம். பொழுதுபட்டுப் பறவை அடையும் நேரத்தில் அங்கே ட்ரோன் விடுவது இன்னும் பெரிய பிழை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. உதயம், தீவு, மறைவு எல்லாம் அடங்குமா?

அடங்கும், நித்திரையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால். நிலாவெளியில் தங்குங்கள், பட்டினத்தில் இருந்து 15 கிலோமீற்றர் அளவு. உதயத்தை அறை வாசலில் பாருங்கள், மேலே கொடுத்த நேரத்துக்கு இருபது நிமிடம் முந்தி எழும்புங்கள். முதல் போட்டில் தீவுக்குப் போய் வெயில் ஏற முன் திரும்புங்கள். மத்தியானம் சாப்பிட்டுப் படுங்கள், அந்த வெயிலில் ஊர் பார்க்கிறேன் என்று வெளிக்கிட வேண்டாம். நாலரைக்குக் கோட்டை வாசல் கல்லில் உள்ள மீன், ஐந்துக்கு மலை, அங்கே நிழல். பிறகு ஓட்டோ பிடித்து உட்துறைமுக வீதிக்கு ஓடலாம். ஆனால் இரண்டிலும் பாதி பாதி பார்ப்பீர்கள். நான் என்றால் மலையில் இருந்து இறங்கமாட்டேன்.

அண்ணை, நீங்கள் தினமும் பாக்கிறனீங்களோ?

இல்லை. அந்த நேரம்தான் அறைக்காரர் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பார்கள். கறிச்சட்டியோடு நிற்கும்போது குசினி யன்னலால் தெரியிற அளவு தெரியும். யன்னல் கிழக்குப் பக்கம்.